அப்பாவுக்கு வாசித்த பேப்பர்

மார்ச் 11, செவ்வாய்

காலையில் பேட்டி எடுக்க வந்த பெண், வரலாற்றில் எனக்கு எப்படி ஆர்வம் வந்தது என்று கேட்டாள். எப்போதும் சொல்வதையே சொன்னேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா, மெட்ராஸ் ரயிலில் ஒரு நாள் தாமதமாக வரும் தமிழ்ப் பேப்பரை என்னிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். தனக்குக் கண் எரிகிறது என்பார்.

சாயங்காலம் மௌலா அலியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவனிடம் இதைச் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "கண்ணும் எரியல, ஒண்ணும் எரியல. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுடி. கையெழுத்து மட்டும்தான் போடுவாரு. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

ஒரு வரிக்கு ஆதாரம் இல்லையென்றால் மாணவர்களின் ஆய்வேட்டையே திருப்பி அனுப்புகிறவள் நான். இதை யாரிடமும் கேட்டுப் பார்த்ததில்லை.

"நிறுத்தி இன்னொரு தடவ படி" என்பார் அப்பா. என் உச்சரிப்புக்காக என்று நினைத்திருந்தேன். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் தானே படித்த மாதிரி எல்லோருக்கும் சொல்வாராம்.

அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதிலேயே தப்பில்லாமல் படிப்பேன், அப்பா ஒரு நாள்கூட என்னைத் திருத்தியதில்லை என்று.