பெட்டிக்குள் நம் அடுப்படிக் கதவு

புந்தோங், ஈப்போ
6.10.1984

அன்பு மகன் சன்னாசிக்கு, அம்மா இருளாயி சொல்லி அழுதுகொள்வது, தங்கச்சி அஞ்சலை கேட்டு எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் தங்கச்சியும் மாரியாத்தா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், கோலாலம்பூரில் நீ வேளாவேளைக்குப் பசியாறிக்கொண்டு சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். (அண்ணே, அடைப்புக்குள் இருப்பதெல்லாம் நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் எனக்குக் கிடைத்த சுதந்திரம். வெளியே இருப்பது அம்மா சொன்னது சொன்னபடி, மூக்கைச் சிந்தியதை மட்டும் விட்டுவிட்டேன்.)

தீபாவளிக்கு வீட்டுக்கு வரலாமா, அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று நீ எழுதியிருந்தாய், பதிலே வரவில்லையே என்று மனம் நொந்திருப்பாய். நான் கேட்க வாயெடுக்கும் போதெல்லாம் அவர் அடுப்படிக் கதவைப் பார்ப்பார், எனக்கு வாய் அடைத்துப் போகும். ஒரு கதவுக்காகப் பெற்ற பிள்ளையைப் போகச் சொன்ன வீடு இந்தப் புந்தோங்கில் நம் வீடு ஒன்றுதான். கோப்பெங் தோட்டத்தை விற்று லயத்து வீடுகளைப் பிரித்தபோது லோரியில் ஏற்றிக்கொண்டு வந்த கதவு அது, அவரே கீல் அடித்து மாட்டினார், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டார், திறந்தால் தண்ணீர் பிடித்து வைக்கிற தகரத் தோம்பில் போய் இடிக்கும், அந்தச் சத்தத்துக்கு நாங்கள் பழகியும் போனோம். நீ தச்சு வேலை கற்றுக்கொண்டு வந்த புதிதில், அவர் ஜெலாப்பாங் தொழிற்சாலைக்கு ஷிப்டு போயிருந்த நேரம் பார்த்து, அதைக் கழற்றி உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினாய், நல்லதுக்குத்தான் செய்தாய். அவர் வந்து பார்த்துவிட்டு, "நான் மாட்டுன கதவ கழட்ட நீ யாருடா? ஒனக்கு நேரான கதவு வேணும்னா நேரான வூடா பாத்துப் போய்க்க" என்றார், ரோஷக்காரன் நீயும் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். மறுநாளே அதைப் பழையபடி மாற்றி மாட்டினார். (முன்னுக்குப் பின் திறக்கிற கதவும் முன்னுக்குப் பின் பேசுகிற அப்பாவும் ஒரே வீட்டில் கிடைப்பது நம் அதிர்ஷ்டம்.)

அப்புறம் நீ டிவி நாடகத்துக்குப் பலகை அடித்து வீடு கட்டுகிற வேலையில் சேர்ந்ததாக எழுதினாயே, அதை நான் அவரிடம் மூச்சு விடவில்லை, பொய் வீடு கட்டவா இவனைப் பெற்றேன் என்று ஆரம்பிப்பார். அப்படி இருக்கும்போதுதான் போன புதன்கிழமை ஷரபுதீன் பாய் கடைக்குப் புது நாடகம் பார்க்கப் போனோம். பாய் கலர் டிவிப் பெட்டி வாங்கி உயரத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறார், நாடகம் என்றால் தெருவே அங்கேதான், ஆண்கள் மேசையில், நாங்கள் பெண்கள் வாசல் பக்கம் நாற்காலி போட்டு. (நான் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில். மிட்டாய் ஜாடி அங்கேதான் இருக்கிறது.)

இத்தனை நாள் அந்தப் பெட்டிக்குள் வந்தவர்கள் எல்லாம் மாடிப்படி வைத்த வீட்டில் பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று புத்தகம் படிப்பது மாதிரி பேசுவார்கள், நாம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வருவோம். இந்த நாடகத்தில் விளக்குப் போட்டதும் தகரக் கூரை, பலகைச் சுவர், புகை பிடித்த அடுப்பு. ஈயம் தோண்டுகிற லம்பத்தில் வேலை போன அப்பன், வாய் நீண்ட ஆத்தாள், தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு கண்ணாடியை விட்டு நகராத மகன். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் பேச்சு வார்த்தை இல்லை, ஒரு கோழியை நடுவில் வைத்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். "கோழி, சோத்துல உப்பு இல்லன்னு அவகிட்ட சொல்லு" என்கிறான் அவன். "கோழி, உப்பு வாங்கிப் போடாதவருக்கு நாக்கு எதுக்குன்னு கேளு" என்கிறாள் அவள். கடையில் ஒரே சிரிப்பு, அப்பாகூடத் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை சன்னாசி, எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. நம் பேச்சு, நம் சண்டை, அதுவும் நாடு பூராவும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. சாமி புறப்பாட்டில் கூட்டத்தோடு நிற்கும்போது வருமே, அப்படிப் புல்லரித்துப் போனேன்.

அப்போதுதான் அந்த அப்பன் கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டு அடுப்படிக் கதவைத் திறந்தான். கதவு வெளிப்பக்கம் போனது, போய்த் தோம்பில் இடித்தது, அதே சத்தம் சன்னாசி, வித்தியாசமே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் அப்பா தொப்பி மாட்டுகிற ஆணிகூட இருந்தது, அதில் ஒரு தொப்பியும் தொங்கியது. அதை யார் கட்டியது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ராமையா சும்மா இருப்பாரா, "அண்ணே, ஒங்க வூட்டுக் கதவுலா அது! தோம்பு சத்தங்கூட அப்படியே இருக்குலா!" என்று கத்தினார், கடையே அப்பா பக்கம் திரும்பிச் சிரித்தது. அப்பா முகம் கறுத்துவிட்டது. "எங்க மானத்த ஊரு பூரா காட்டுனவன் எவன்டா?" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். (பெட்டிக்குள் ஓர் அப்பா எழுந்து போகிறார், வெளியே ஓர் அப்பா எழுந்து போகிறார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று எனக்குக் கழுத்து சுளுக்கிவிட்டது.)

அவர் வாசல் வரை வந்துவிட்டார், அதற்குள் நாடகத்தில் தோம்பு சாய்ந்து அடுப்படி பூரா வெள்ளம், ஒருவர் மேல் ஒருவர் வழுக்கி விழுந்தார்கள், கோழி பறந்தது. அந்த அப்பன் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி முதலில் முறைத்தான், பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் அவனைப் பார்த்தாள். கோழியைக் கூப்பிடவில்லை. "எந்திரிங்க, பசியாறலாம்" என்றாள். பாய் தே தாரேக் தேத்தண்ணியை ஆற்றுவதற்குத் தூக்கிய கையை இறக்கவில்லை. அப்பா வாசலில் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், போகவில்லை.

பெயர் ஓட ஆரம்பித்ததும் தங்கச்சி வழக்கம்போலக் கடைக்கே கேட்கிற மாதிரி படித்தாள். நடித்தவர்கள் போய், எழுதியவர் போய், கடைசியில் "மரவேலை, கா. சன்னாசி" என்று வந்தது. (அண்ணே, அந்த இடத்தில் மட்டும் நான் எழுந்து நின்று படித்தேன். யாரிடமும் சொல்லிவிடாதே, என் மரியாதை போய்விடும்.) பாய்தான் மெல்ல, "சன்னாசி நம்ம பையன். கா-ன்னா யாரு?" என்று தெரியாதவர் மாதிரி கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். "நாந்தான்" என்றார். தள்ளிவிட்டுப் போன நாற்காலியில் திரும்ப வந்து உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்க் கதவைத் திறந்தார், இடித்தது, மூடினார், திறந்தார், இடித்தது. ஆணியைத் தடவிப் பார்த்தார். "இந்த ஆணிய கூட மறக்கலயே அவன்" என்றார், என்னிடமா சுவரிடமா தெரியவில்லை. அதிலிருந்து தினம் யாராவது கதவைப் பார்க்க வருகிறார்கள், வந்தவர்களுக்கு அவரே திறந்து காட்டுகிறார். (அவர் வேலைக்குப் போன நேரத்தில் நான் காட்டுகிறேன். சின்னப் பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒரு மிட்டாய், தொப்பியைப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு. பல் வலிக்கிறது.)

நேற்று அவர் பசியாறிக்கொண்டு இருக்கும்போது துணிந்து கேட்டுவிட்டேன், தீபாவளிக்குப் பிள்ளை வரட்டுமா என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "வரச் சொல்லு. ஆனா கதவுல கை வைக்கக் கூடாது, அது டிவில வந்த கதவு" என்றார். சரி என்றேன், வேறென்ன சொல்ல. கை கழுவ எழுந்து போனவர் அடுப்படிக்குள் நின்றுகொண்டு, "சாமான் பையையும் கொண்டாரச் சொல்லு. இந்த சன்னல் நானு வச்சதுதான், கோணலாத்தான் இருக்கு. வேணும்னா அவன் மாத்திக்கட்டும்" என்றார்.

ஆகையால் மகனே, நீ கும்பிடுகிற சாமி உனக்குத் துணை இருக்கட்டும், கை விரலுக்கு ஒன்றும் வராமல் உளி பிடி, நல்லா இரு, நூறு வருஷம் இரு. பகல் பஸ்ஸிலேயே வா. ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டு வா, பக்கத்தில் உட்காருகிறவர்களைக் கீறிவிடப் போகிறது.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா இருளாயி

(அப்பா சன்னலுக்கு முன்னால் நின்று சாண் போட்டு அளந்துகொண்டிருக்கிறார். சீக்கிரம் வா அண்ணே, நீ வருவதற்குள் அவரே மாற்றிவிடப் போகிறார்.)