இருவரும் வேண்டாமென்ற பெட்ஷீட்

என் கண்ணுக்கு, பாட்டி ஆசையோடு எழுதிக்கொள்வது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால் எடுக்காமல் தப்பிக்க முடியாது, வாசலில் வந்து விழுந்து காலில் இடறும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் அண்ணனுக்கு லிப்ட் கம்பெனியில் பதவி உயர்ந்துவிட்டது. இனிமேல் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் அவன்தான். நம் பையன் கையெழுத்து இல்லாமல் அந்த ஊரில் ஒரு லிப்ட் மேலே போகாது என்று மளிகைக்கடையில் சொல்லிவிட்டு வந்தேன். உன் அத்தை மகள் பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம் வந்துவிட்டாள். முதலில் யாருடைய பல்லைப் பிடுங்கினாள் என்று நினைக்கிறாய்? என்னுடையதுதான். வலிக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறேன், நீ உண்மையைச் சொல்லிவிடாதே. உன் சித்தப்பா மகள் நீச்சலில் வெண்கலம் வாங்கி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்குகிறாளாம்.

இந்த வரிசையில் எப்போதும் உன்னைத்தான் முதலில் எழுதுவேன். இந்தத் தடவை என்ன எழுதுவதென்று தெரியாமல் கடைசியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் போட்ட அந்த அறிவிப்பை உன் அப்பா போனில் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டினான். "இனி நாங்கள் இருவரும் சேர்ந்து இசைக்கப் போவதில்லை. கேட்ட எல்லோருக்கும் நன்றி." நான் காத்திருந்தேன். மேலே வாசிடா என்றேன். "அவ்ளோதாம்மா" என்றான். காரணம் அடுத்த பக்கத்தில் இருக்கும் பார் என்றேன். "போன்ல ஏதும்மா அடுத்த பக்கம்?" என்று எரிந்து விழுந்துவிட்டு, கம்பிரசர் மாற்றுவதற்காக வந்திருந்த யாருடையதோ ஒரு பிரிட்ஜை ஸ்குரூ டிரைவரால் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. உன் அம்மா உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள், அழுவது எனக்குக் கேட்கக்கூடாதாம்.

நீ அனுப்பிய பார்சல் அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டது. பிரித்தால் என் பழைய வெள்ளை பெட்ஷீட். மூலையில் நான் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது. கூடவே ஒரு சீட்டு: "பாட்டி, இதை ஒட்டடைகிட்ட கொடுத்துடு. அவனோடது." ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்த மாடிவீட்டுப் பையனுக்கு அந்தப் பெயர் வைத்தவள் நான்தான். அவன் அம்மாகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவனுக்குப் போன் செய்து வந்து வாங்கிக்கொள்ளடா என்றேன். "அது அவளோடது பாட்டி, அவகிட்டயே இருக்கட்டும்" என்றான்.

எனக்கு இதுதான் கண்ணு புரியவே இல்லை. பிரிந்து போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா பிள்ளைகள் ஒரு தையல் மெஷினுக்காக ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் மிதி ஒருத்தர் வீட்டிலும் தலை ஒருத்தர் வீட்டிலும் இருந்தது. பிரிகிறவர்கள் "எனக்கு, எனக்கு" என்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் "அவனுக்கு", "அவளுக்கு" என்கிறீர்கள். இது என்ன மாதிரி சண்டை? அதுவும் போக, அந்த பெட்ஷீட் என்னுடையது.

நாற்றம் தாங்கவில்லை. மேடைப் புகை, வியர்வை, தூசி எல்லாம் சேர்ந்து கசகசவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சோப்புத்தூளில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வாசல் பக்கக் கொடியில் போட்டேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம். எல்லோர் காலரிலும் ஒரு துணி கிளிப். துணி எடுக்கும்போது மறந்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன், ஒருத்தர் இரண்டு பேர் என்றால் சரி, அத்தனை பேருமா? பிறகுதான் தெரிந்தது, உங்கள் இரண்டு பேர் குழுவான "கொடித்துணி" ரசிகர்கள் என்றால் கிளிப் போட்டுக்கொள்வார்களாம். போகும்போது எல்லோரும் அதை நம் கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் காலத்துக்கும் இனிக் கிளிப் வாங்க வேண்டியதில்லை.

தாடி வைத்த ஒரு பையன்தான் அவர்களுக்குத் தலைவன் போல இருந்தான். என்னிடமே வந்து உன் கதையை எனக்குச் சொன்னான். "பாட்டி, அவங்க ரெண்டு பேரும் மொத மொதல்ல ஒரு பிரிட்ஜ் மெக்கானிக் வீட்டுப் பின்னறையிலதான் ஆரம்பிச்சாங்க. பழைய பிரிட்ஜ் உறுமுறதப் பதிவு பண்ணி, அத வச்சே ஒரு பாட்டு போட்டாங்க." அந்த வீட்டு வாசலில்தான் நிற்கிறாய் என்றேன். "தெரியும் பாட்டி, அதான் வந்தோம்" என்றான். உங்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லையாம். பள்ளிக்கூடத்தில் முதல் தடவை மேடை ஏறும்போது, கூட்டத்தைப் பார்த்தால் கை நடுங்குகிறது என்று நீ அழுதாய், ஒட்டடை ஓடிவந்து என் பெட்ஷீட்டை உருவிக்கொண்டு போய்க் குறுக்கே கட்டிப் பின்னால் விளக்கு வைத்தான், அன்றிலிருந்து எந்த ஊர் மேடையிலும் உங்கள் நிழல்தான் தெரியும். அதைப் போய் இவர்கள் என்னவெல்லாமோ பெரிய தத்துவம் என்கிறார்கள். முகம் முக்கியமில்லை, நிழல்தான் நிஜம் என்று தாடி விளக்கினான். நானும் தலையாட்டி வைத்தேன்.

அப்போதுதான் ஒரு பெண் கொடியைப் பார்த்துவிட்டு "அந்த ஒட்டு! மூலையில பாரு, அந்த ஒட்டு!" என்று கத்தினாள். எல்லோரும் கேட்டில் சாய்ந்துவிட்டார்கள். தண்ணீர் சொட்டுகிறதைப் பார்த்ததும் தாடி முகம் வெளுத்துவிட்டது. "பாட்டி... துவைச்சிட்டீங்களா?" என்றான். ஆமாம்ப்பா, அழுக்காக இருந்தது என்றேன். "அத்தன ஊர் மேடைத் தூசியும் அதுல இருந்துச்சே பாட்டி" என்றான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. துணியைத் துவைத்ததற்கு வாழ்க்கையில் முதல் முறையாக மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார்கள். சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. யார் செத்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பயம். லாரி ஓட்டுகிற ஒருவர், தூக்கம் வரும்போது உங்கள் பாட்டைப் போட்டால் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் என்றார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு பெண், டியூட்டி முடிந்து பஸ் ஏறினதும் அந்த பிரிட்ஜ் பாட்டைக் கேட்டால்தான் வார்டு சத்தம் காதைவிட்டுப் போகும் என்றாள். வார்த்தையே இல்லாத பாட்டில் இத்தனை பேருக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்புறம் கட்சி பிரிந்துவிட்டார்கள். நெட்டை நிழல் பெரிதா, குட்டை நிழல் பெரிதா என்று. "அடி அவரோடது, உயிரே அங்கதான் இருக்கு" என்கிறான் தாடி. "ராகம் அந்தப் பொண்ணோடது, அது இல்லாட்டி உங்க உயிர எங்க வைப்பீங்க?" என்கிறாள் நர்ஸ். என்னைக் கேட்டார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். எத்தனை வருஷம் அந்தப் பின்னறைக்கு அடுத்த சமையலறையில் நின்றிருக்கிறேன்! எது உன் சத்தம், எது அவன் சத்தம் என்று எனக்கும் தெரியவில்லை. சுவர் வழியாக ஒன்றாகத்தானே வந்தது.

இனிமேல் எழுதப்போவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படி.

கூட்டத்துக்குப் பின்னால் யாரோ நெடுநெடுவென்று நிற்பது தெரிந்தது. கண்ணாடி, மூன்று நாள் தாடி, கையில் ஒரு பை. நம் ஒட்டடை! என்னைப் பார்க்க வந்தவன், கூட்டத்தைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் வேண்டாம் என்று தலையை அசைத்தான். ஒருத்தருக்கும் அவனைத் தெரியவில்லை கண்ணு. அவனுடைய ரசிகர்கள் நடுவில் அவன் நிற்கிறான், அவனுக்கே அவனைப் பற்றிச் சொல்கிறார்கள். தாடி அவனை ஏற இறங்கப் பார்த்து, "அவர மாதிரியே ஒயரமா இருக்கோம்னு வேஷம் போட்டு வந்துட்டீங்களா? இப்ப இப்படி நெறையப் பேரு கெளம்பிட்டாங்க" என்றான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று அவனைக் கேட்டார்கள். "நான் அந்தப் பொண்ணு பக்கம்" என்றான் ஒட்டடை. ஏன் என்றார்கள். "அந்தப் பொண்ணு கைய வைக்கிற வரைக்கும் அது வெறும் சத்தம்தாங்க. அப்புறம்தான் பாட்டு" என்றான். தாடிக்கு வந்ததே கோபம்! "நெட்டையப் பத்தி என்ன தெரியும் ஒங்களுக்கு? நீங்க புதுசு, அதான் இப்படிப் பேசுறீங்க" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டான். ஒட்டடை, "இருக்கலாங்க" என்று சொல்லிவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதற்கு நடுவில் அந்த நர்ஸ் பெண் தண்ணீர் பாட்டில் நிரப்ப உள்ளே வந்திருந்தாள். கூடத்தில் உங்கள் போட்டோ இருக்கிறதல்லவா, நீ இடப்பக்கமும் அவன் வலப்பக்கமுமாக, மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு? அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த வேகத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் பாக்கல பாட்டி, சத்தியமா பாக்கல" என்றாள். எல்லோரும் கிளம்பும்போது அவள் மட்டும் தன் கிளிப்பைக் கேட்டில் மாட்டவில்லை. ஒட்டடையின் சட்டைப்பையில் மாட்டிவிட்டு, "புதுசுதானே, வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். தெரிந்துகொண்டாளா, இல்லையா? எனக்கு அதுவும் குழப்பம்தான்.

கூட்டம் போன பிறகு அவன் உள்ளே வந்தான். காது கேட்கும் கருவி செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம், தொலைவில். மாதக் கடைசியில் கிளம்புகிறான். நல்ல வேலைதான் என்றேன். ஆமாம் என்றான். பெட்ஷீட் காய்ந்திருந்தது. அதை மடிக்க இரண்டு பேர் வேண்டுமே, அவன் இரண்டு முனையைப் பிடித்தான், நான் இரண்டு முனையைப் பிடித்தேன். நடுவில் திருப்பும்போது சிரித்தான். "இந்த எடத்துல அவ எப்பவும் தப்பான பக்கம் திருப்புவா பாட்டி. முறுக்கிக்கிட்டுக் கயிறு மாதிரி ஆயிடும். ஒவ்வொரு ஊர்லயும்" என்றான். அப்புறம் சிரிக்கவில்லை. முனையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

என்னதான்டா சண்டை என்று கேட்டேன். "சண்டை இல்ல பாட்டி" என்றான். அப்புறம்? "தெரியல பாட்டி. அவளுக்குத் தெரிஞ்சா கேட்டுச் சொல்லுங்க" என்றான். மடித்ததை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இந்தத் தடவையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

நீ கடைசியாகப் பேசியபோது, "அவனுக்கு அலுத்துப்போச்சு பாட்டி, எனக்காக எதுக்கு அவன் இதக் கட்டிக்கிட்டு அழணும்?" என்றாய். ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்னதையும் அவன் கேட்டுக்கு வெளியே சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கணக்கில் ஏதாவது விட்டிருப்பேன். நீ படித்தவள், போட்டுப் பார்த்துச் சொல்.

பெட்ஷீட் என் அலமாரியில் இருக்கிறது. தாடி அதைக் கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்புகிறான், ஹால் பிடித்து நடுவில் தொங்கவிட்டு எல்லோரும் உட்கார்ந்து பாட்டுக் கேட்கப் போகிறார்களாம். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். பின்னால் யாரும் இல்லாமல் அதைத் தொங்கவிட்டால் அது பெட்ஷீட்தானே?

கண்ணு, நீ வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இந்த வீட்டின் வரிசையில் உன் இடம் முதல் இடம்தான். அடுத்த கடிதத்தில் சரியாக எழுதிவிடுவேன். வேளைக்குச் சாப்பிடு. பாட்டுக் கேட்கிற அதைக் காதில் மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னோடு இருக்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் புது போட்டோ ஒன்று தபாலில் போடு. போனில் அனுப்பாதே, உன் அப்பா காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். மூக்குக் கிளிப் போட்டோவில் உன் பல்லில் இன்னும் கம்பி இருக்கிறது, வருகிறவர்களிடம் இதுதான் என் பேத்தி என்று எத்தனை நாள் அதையே காட்டுவது? மாதக் கடைசிக்குள், ஒட்டடை கிளம்புவதற்கு முன்னால் வருகிற மாதிரி அனுப்பு. தனியாக நின்று எடுத்தாலும் சரி. ஆனால் நடுவில் நிற்காதே. எப்போதும் நிற்பாயே, அந்த இடப்பக்க ஓரம், அங்கேயே நில்.

உன்னை நெஞ்சில் வைத்திருக்கும்
பாட்டி