நிறுத்தும் குறியீடு இல்லாத அட்டை

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

பிரிண்டருக்கென்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அட்டையில், எழுத்தை அகலமாக்கும் குறியீடு இருக்கிறது. அதை நிறுத்தும் குறியீடு இல்லை. அந்த ஒரு குறையால் உங்கள் அத்தை படிக்கக் கூடாத ஒன்றைப் படித்துவிட்டாள். இருபத்தொன்றாம் தேதி இடது கண்ணுக்கு ஆபரேஷன். வர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். நலம் விசாரிப்பதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். குற்றம் யாருடையது என்பது தானாகத் தெரியும்.

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர், நோயாளியின் முழு விவரத்தையும் முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொன்னார். கையால் எழுதி அனுப்பினேன். கோழி கிளறியது போல் இருக்கிறது என்று அவருடைய கிளார்க் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால்தான் நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் தொட்டேன். ஆசைக்கு அல்ல.

தலைப்பு மட்டும் அகலமாக வர வேண்டும். அட்டையில் 27, 87, 1 என்று இருந்தது. அப்படியே அடித்தேன். பிரிண்டரும் காகிதத்தின் தலையில் 27, 87, 1 என்று அழகாக அச்சடித்துக் கொடுத்தது. மூன்று முறை. தாளைப் பிரிண்டர் ரிப்பன் விற்கும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். "பெரியவரே, இருபத்தேழுன்னு எழுதச் சொல்லல. இருபத்தேழாம் நம்பர் குறியை அனுப்பச் சொல்லியிருக்கார். உட்காருன்னு சொன்னா உட்காரணும், உட்காருன்னு எழுதிக் காட்டக் கூடாது" என்றார். எந்த விசையை அழுத்திக்கொண்டு எண்ணை அடிக்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தார். இதை அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் பேனாவில் மை தீர்ந்துபோயிருக்காது.

வீட்டுக்கு வந்து அனுப்பினேன். தலைப்பு கடைப்பலகை மாதிரி வந்தது. அதோடு நின்றதா? வயது அகலம். மருந்துகளின் பெயர் அகலம். ஒரே பக்கத்தில் முடிய வேண்டியது மூன்று பக்கம் ஓடியது. பிரிண்டரை அணைத்துப் போட்டேன், மறுபடியும் அதே. குறி பிரிண்டரில் உட்கார்ந்திருக்கவில்லை, கடிதத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதை நானேதான் கண்டுபிடித்தேன். தடித்த எழுத்துக்கு 69 தொடக்கம், 70 நிறுத்தம் என்று உங்கள் அட்டையே சொல்கிறது. அந்தக் கணக்கில் 87 தொடக்கம் என்றால் 88 நிறுத்தமாகத்தானே இருக்க வேண்டும்? அனுப்பினேன். அகலம் அப்படியே இருந்தது. பக்கத்தின் ஓரமும் கோணிக்கொண்டது. முப்பத்தைந்து வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றியவன் நான், எவரிடமும் கற்றுக்கொள்ளாமல். ஓட மட்டும் தெரிந்து நிற்கத் தெரியாத ஒரு மோட்டாரை நான் வெளியே அனுப்பியதில்லை.

தலைப்பை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் அத்தையும் கேட்டாள். "தலைப்பு இல்லாட்டி டாக்டர் படிக்க மாட்டாராமா?" என்றாள். தலைப்பு இல்லாத கடிதம் வெறும் முண்டம். எடுக்க மாட்டேன் என்றேன்.

காகிதத்தின் இரு ஓரத்திலும் துளை போட்ட பட்டை இருக்கிறதே, அதைக் கிழிப்பது அவள் வேலை. அதுக்குக் கண்ணு எதுக்கு, விரலே போதும் என்பாள். நேற்றுக் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து கிழித்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், தாளை மூக்கருகே பிடித்து, விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் பக்கம். வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று இங்குள்ள டாக்டர் கூறிவிட்டார், நோயாளிக்குத் தெரியாது, தெரிவிக்க வேண்டாம் என்று நான் எழுதியிருந்த இடம். நம் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒவ்வொரு எழுத்தும் செங்கல் அளவு.

எப்போது சொன்னார் என்று கேட்டாள். நான்கு மாதம் ஆகிறது என்றேன். "நாலு மாசமா நல்லா நடிச்சிருக்கீங்க. கண்ணு தெரியாதவகிட்ட நடிக்க மூஞ்சியைக்கூட மாத்த வேண்டியதில்ல, பாருங்க" என்றாள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். "அப்ப மூணு பேரும் ஒரு கட்சி. மிச்சமிருக்கிற ஒத்தக் கண்ணை உங்க கட்சிகிட்ட ஒப்படைக்க மாட்டேன்" என்று தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதிலிருந்து, சாப்பாடு எடுத்து வைத்திருப்பதைக்கூடச் சுவரிடம்தான் சொல்கிறாள்.

மறைத்தது தப்பு என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்பாள் என்றுதான் மறைத்தேன். இன்னமும் அது சரி என்றுதான் சொல்வேன். எழுத்து ஒழுங்கான அளவில் வந்திருந்தால் அவளால் படித்திருக்கவே முடியாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் எதையாவது படித்து நான் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. என்னைத் திட்டுவதில் போய் முடிந்தாலும், படித்தாள்.

இனி ஆக வேண்டியவை.

நீங்கள்: அகலத்தை நிறுத்தும் குறியீட்டை மறுதபாலில் அனுப்ப வேண்டும். சைபரா, ஆங்கில ஓவா என்று நான் விழிக்காதபடி தெளிவாக.

என் மகள்: போன் செய்யக் கூடாது, அம்மா எடுக்க மாட்டாள். கடிதம் எழுத வேண்டும். எப்போதிலிருந்து தெரியும், ஏன் சொல்லவில்லை, இரண்டையும் எழுத வேண்டும். உங்கள் ஆபீஸ் பிரிண்டரில், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அகலத்தில். யாரும் வாசித்துக் காட்டாமல் அவளே படிக்க வேண்டும்.

டாக்டர்: இடது கண்ணைப் பற்றி எது சொன்னாலும் அவளிடம் நேராகச் சொல்ல வேண்டும். புதிய கடிதத்தில் அப்படித்தான் எழுதப் போகிறேன். அவள் மனம் இறங்கினால், அவள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். தலைப்பு இருக்கும்.

லீவு போட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. இருபதாம் தேதி சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

உங்கள் அத்தை: இருபத்தொன்றாம் தேதி காலை ஏழு மணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். இதை அவளுக்குப் பதிலாக வேறு யாரும் செய்ய முடியாது.

நான்: அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். யாரும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காமல் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்