பால் பல் விழாத கறுப்பு பெல்ட்

மார்ச் 4, திங்கள்

இன்று மூன்று லிஃப்ட் சோதனை. இரண்டு தேறின. மூன்றாவது, கடைத்தெருவில் இருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தில், தேறவில்லை. பிரேக் லைனிங் காகிதமாகத் தேய்ந்து கிடக்கிறது. முழுப் பாரம் ஏற்றி, இறக்கி, நிறுத்திப் பார்த்தால் தளத்தைத் தாண்டி ஒரு சாண் கீழே போய்த்தான் நிற்கிறது. கட்டட மேலாளர் உள்ளே புதிதாகப் பதித்த கண்ணாடியைத் தடவிக் காட்டினார். "பாருங்க சார், எப்படிப் பளபளன்னு இருக்கு!" கண்ணாடி பிரேக் பிடிக்குமா? ஓட்டக் கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அக்கா கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்தாள். அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில்தான் வாண்டின் கராத்தே வகுப்பு.

"விழாவை வச்சுக்கிட்டு லிஃப்டை நிறுத்திட்டு வந்து நிக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"என்ன விழா?"

"வாண்டுக்குக் கறுப்பு பெல்ட் குடுக்குறாங்க. இருபத்தி நாலாம் தேதி."

வாண்டு அக்காவின் மகள். வயது ஏழு. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. அதுவும் பால் பல்.

மார்ச் 5

கறுப்பு பெல்ட்! காலையில் அவளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டது நான்.

மார்ச் 9, சனி

வகுப்பின் விளம்பரத் தாளை அக்கா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். ஒரு குட்டிப் பையன் காலைத் தூக்கி உதைக்கிறான். கீழே கொட்டை எழுத்தில்: "உங்கள் குழந்தை இனி தன்னைத் தானே காத்துக்கொள்ளும்!"

இந்த "இனி"தான் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் ஒரு லிஃப்டுக்கு "இனி பாதுகாப்பானது" என்று எழுதினால் அதற்குள் கால் வைக்கிறவன் என் எழுத்தை நம்பித்தான் வைக்கிறான். தப்பாக எழுதினால் ஜெயில். இந்தக் கராத்தே மாஸ்டர் மாதம் ஒரு கட்டுக் குழந்தைகளுக்கு அதையே எழுதிக் கொடுக்கிறார்; கை தட்டுகிறார்கள்.

மதியம் சோதித்தேன். வேறென்ன செய்வது, தொழில் அது. வாண்டின் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "விடுவிச்சுக்கோ பார்க்கலாம்" என்றேன். மிகவும் மெதுவாகத்தான் பிடித்தேன். திருகினாள், குனிந்தாள், ஒரு கத்துக் கத்தினாள். கை வரவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, டீச்சர் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா, நீங்க தப்பாப் பிடிக்கிறீங்க. கட்டை விரல் மேல வரணும்."

"திருடன்கிட்டயும் இப்படித்தான் சொல்லுவியா?"

"சொன்னா மாத்திப் பிடிப்பாங்க மாமா. கிளாஸ்ல எல்லாரும் பிடிப்பாங்களே."

சிரித்துத் தொலைத்துவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. அடுக்களையிலிருந்து அக்கா கரண்டியோடு வந்தாள். "குழந்தைகிட்ட உன் பலத்தைக் காட்டுறியா? உனக்கு ரெண்டு தடவையும் பெல்ட் கிடைக்கலைங்கிற வயித்தெரிச்சல்!"

அத்தான் செய்தித்தாளை மடிக்காமலே பேசினார். "போன வருஷம் வரைக்கும் காலிங் பெல் அடிச்சா கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவா. இப்ப அவளே போய்த் திறக்குறா. அது எங்கிருந்து வந்துச்சுன்னு நினைக்கிற?"

உண்மையாகவே திறக்கிறாள். எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

வயிற்றெரிச்சலா? பார்க்கலாம். கல்லூரியில் ஆறு வருடம்—முடித்த பின்பும் இழுத்துக்கொண்டு போனதையும் சேர்த்து—கராத்தே பயிற்சி செய்தேன். இரண்டு முறை தேர்வு. முதல் முறை மூச்சு வாங்கி விழுந்தேன். இரண்டாம் முறை என் எதிரில் நின்றவன் என்னைவிட நன்றாக ஆடினான். இரண்டு முறையும் தேறவில்லை என்றார்கள். இரண்டு முறையும் அது சரி. கறுப்புக்கு ஒரு படி கீழே, பழுப்பு பெல்ட்டோடு வெளியே வந்தேன்.

ஆக, கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. இருக்கட்டும். எரிகிறவன் அளந்தால் ஒரு சாண் அரைச் சாண் ஆகிவிடுமா?

மார்ச் 14

மாஸ்டர் அலுவலகத்துக்கே போன் போட்டார். "சார், நீங்க நம்ம வாண்டுவோட மாமாவாமே! நம்ம குடும்பம்! விழா அன்னிக்கு ஒரு நாள் மட்டும் லிஃப்டை ஓட விட்டுட்டு, மறுநாள் அட்டையை ஒட்டிக்குங்களேன்."

"பிரேக்குக்கு விழா தெரியாது, மாஸ்டர்."

"பசங்க அஞ்சு மாடி ஏறணுமே சார்."

"கறுப்பு பெல்ட்காரங்கதானே? ஏறட்டும்."

பக்கத்து மேசைக்காரன் டீயைத் துப்பிவிட்டான்.

மார்ச் 24, ஞாயிறு

விழா. எழுதி வைக்காவிட்டால் பிறகு நானே நம்பமாட்டேன்.

முதல் காட்சி படிக்கட்டில். மூன்றாவது மாடியில் ஒரு தகப்பன் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். தோளில் அவர் மகன், கால் வலிக்கிறதாம். மேலே போய்க் கறுப்பு பெல்ட் வாங்கப் போகிற மாவீரன். இன்னொரு மாவீரன் "இன்னும் எத்தனை மாடிம்மா" என்று படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

கூடத்தில் பலூன், ஒலிபெருக்கி, காதைக் கிழிக்கும் இசை. இருபது குழந்தைகள் வரிசையாக அடவு செய்தார்கள். பத்தொன்பது பேர் முன்னால் நின்ற ஒருத்தியைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அவள் இடப்பக்கம் திரும்ப மறந்ததும் மொத்தப் படையும் மறந்தது. பிறகு பலகை உடைப்பு. பலகை என்றால்? நாரின் போக்கிலேயே மெலிதாக அறுத்த தக்கை மரம். பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் இரண்டு ஓரத்தையும் மடக்குகிறார். பிஞ்சுக் கை வந்து சேரும்போது பாதி வேலை முடிந்திருக்கிறது. ஒரு பலகை, கை வருவதற்கு முன்பே உடைந்துவிட்டது. அதற்கும் கைதட்டல்.

கடைசியாக மோதல். இதைக் கவனித்துப் பார்த்தேன். இங்கே மோதல் என்றால்: எதிராளியின் நெஞ்சில் கை பட வேண்டும். பட்டதும் ஒரு கத்து. உடனே அசையாமல் நின்று, ஒரு அடி பின்னால் வந்து, கையைத் தொடையோடு ஒட்டி, குனிந்து வணங்கி, நடுவர் கொடி தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். அசைந்தால் புள்ளி போய்விடும். கோட்டைத் தாண்டினாலும் போய்விடும். வாண்டு இதில் புலி. தொடுவாள், கத்துவாள், நிற்பாள், வணங்குவாள். கண்ணாடியில் பார்த்த மாதிரி அத்தனை சுத்தம்.

பெரியவர்களுக்கு வெட்டிய பெல்ட்டாம். அவளுக்கு இரண்டு சுற்றுச் சுற்றியும் முனைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. மேடையிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழப் பார்த்தாள். என்னைத் தேடிப் பிடித்துக் கையை ஆட்டினாள். ஓட்டைப் பல் தெரியச் சிரிப்பு—ஆடின பல் போன வாரம் விழுந்துவிட்டது.

நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்?

மார்ச் 27

சாயந்திரம் விளையாட்டுத் திடலுக்கு வாண்டு தனியாகப் போயிருக்கிறாள். கீழேதான், நம் குடியிருப்புக்குள்தான். ஆனால் நேற்று வரை அக்கா கூடப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

"அவளுக்கென்னடா பயம்? கறுப்பு பெல்ட்."

"கண்ணாடி பதிச்ச லிஃப்ட்ல ஆளை ஏத்துற நீ."

"எதை எடுத்தாலும் லிஃப்ட்! உன்னைக் கட்டிக்கப் போறவ பாவம்."

ஏப்ரல் 3

இன்றும் தனியாக. பெல்ட்டைச் சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டு போகிறாள். அக்காவே கட்டிவிடுகிறாள்.

ஏப்ரல் 11, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தோம். வாண்டுக்கு இடது கை எலும்பு முறிவு. மாவுக்கட்டு. ஓட்டைக்குப் பக்கத்துப் பல்லும் போய்விட்டது. விழ வேண்டிய நேரத்தில் விழவில்லை, இடித்து விழுந்திருக்கிறது. பல் டாக்டர், "பால் பல்தான், புதுசு வரும்" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

எழுத வரவில்லை.

ஏப்ரல் 12

நடந்தது இது. பி பிளாக்கில் ஒரு தடியன், பதினோரு வயது இருக்கும். பெல்ட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான், "எங்கே, கராத்தே காட்டு" என்று. இவள் காட்டினாள். காலையில் படுக்கையில் உட்கார்ந்து எனக்கும் செய்து காட்டினாள், கட்டுப் போட்ட கையோடு.

"நெஞ்சுல தொட்டேன் மாமா. கரெக்டாத் தொட்டேன். கத்தினேன். அப்புறம் பின்னாடி வந்து வணக்கம் வச்சேன்."

"அப்புறம்?"

"குனிஞ்சிருக்கும்போதே தள்ளி விட்டுட்டான். பெஞ்சுல போய் விழுந்தேன்." அழவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள்: "நான் பாயின்ட் எடுத்துட்டேன்ல? அவன் ஏன் நிக்கல?"

அக்கா எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

நான் சொன்னது சரியாகிவிட்டது. இதைவிடக் கேவலமான சரி ஒன்று இருக்குமா?

பின்குறிப்பு: தடியனின் அம்மா வந்தாள். நலம் விசாரிக்க அல்ல. "உங்க பொண்ணுதான் முதல்ல கை வச்சுதாம். கறுப்பு பெல்ட் வேறயாமே! எம் பையன் பயந்து போய் ராத்திரி சாப்பிடவே இல்ல." அத்தான் அவளைப் பார்த்த பார்வையில், அவள் செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் போனாள். அத்தானை முதல் முறையாக எனக்குப் பிடித்தது.

ஏப்ரல் 13, சனி

மாஸ்டரிடம் போனேன். ஐந்து மாடி. ஏறும்போது சேர்ந்த கோபமும் சேர்த்து.

விஷயத்தைக் கேட்டுவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். "ரொம்ப வருத்தமா இருக்கு சார். ஆனா இது ரோட்டுல செய்றதுக்கு இல்ல. இது ஒழுக்கம். தன்னம்பிக்கை."

அவர் தலைக்குப் பின்னாலேயே அந்த விளம்பரம், ஆள் உயரத்துக்கு. விரலால் காட்டினேன். "இனி தன்னைத் தானே காத்துக்கொள்ளும்."

திரும்பிப் பார்த்தார். "அது... டிசைன் போடுற பையன் போட்டது சார்."

"பெல்ட்டும் அவன்தான் போட்டானா?"

மறுபடி என் பக்கம் திரும்பினார். "ஏழு வயசுல கறுப்பு குடுக்கலைன்னா, எதிர்த்த தெருக் கிளாஸ்ல ஆறு வயசுல குடுக்குறாங்க சார். பெத்தவங்க அங்க போயிடுறாங்க. நான் என்ன செய்ய?" இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மனிதக் குரலாக இருந்தது. அதற்காகவெல்லாம் இரக்கப்பட முடியாது. தேய்ந்த லைனிங்கோடு லிஃப்ட் ஓட்டுகிறவன் ஒவ்வொருவனும் எதிர்த் தெருவைத்தான் காட்டுகிறான்.

ஏப்ரல் 20

காலிங் பெல் அடித்தது. கூரியர்காரர். வாண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பழைய இடம், பழைய மாதிரி. முன்பாவது பயத்தை மட்டும் மறைத்தாள். இப்போது பெல்ட்டையும் சேர்த்து மறைக்கிறாள். அலமாரியில், என் பழைய வயர்களுக்கு அடியில் கிடந்தது.

அத்தான் என்னைப் பார்த்தார். அவர் கேட்காததை நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன்: ஒரு பொய்யை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டும் அல்லவா, மகா இன்ஜினியரே?

ஏப்ரல் 28, ஞாயிறு

யோசித்து யோசித்து, கடைசியில் மிகச் சாதாரணமான ஒன்று. ஏழு வயதுக் குழந்தையின் உடம்புக்கு எது முடியும்? பெரியவனை அடிக்க முடியாது. கையை உதற முடியாது. கத்த முடியும், ஓட முடியும். அவ்வளவுதான். அதில் அவள் நிஜமாகவே கெட்டி. பள்ளிக்கூட வேனைத் தவறவிட்ட அன்றெல்லாம் பார்த்திருக்கிறேன்.

மாடி நடைபாதையில் நிற்க வைத்துச் சொன்னேன். வாண்டுக்கு அவமானமாகிவிட்டது.

"ஓடுறது தோத்துப் போறது மாமா. கோட்டைத் தாண்டினா அவுட்."

"அது கிளாஸ் கோடு. இங்க நம்ம வீட்டு வாசப்படிதான் கோடு. அதைத் தாண்டிட்டா நீ ஜெயிச்ச."

"நிஜமா?"

"அளந்து பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"ஓடுறதுக்கு பெல்ட் உண்டா?"

"கிடையாது."

கொஞ்சம் ஏமாற்றம். பிறகு ஓடினாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அம்மாஆ" என்று கத்திக்கொண்டு. மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு வெளியே வந்துவிட்டார். சத்தம் தேறியது.

மே 6

கடைத்தெருக் கட்டடம். புது லைனிங். முழுப் பாரத்தோடு லிஃப்டின் தளமும் மாடித் தளமும் ஒட்டி நின்றது. சிவப்பு அட்டையைக் கிழித்தேன். ஐந்தாவது மாடிக்கு எட்டிப் பார்க்கவில்லை.

மே 21

கட்டுப் பிரித்தார்கள். கை குச்சியாக இருக்கிறது. வாண்டு அதை முகர்ந்து பார்த்து, "நாறுது" என்று மகிழ்ந்தாள்.

மே 25, சனி

அக்கா இப்போது திடலுக்கு வாண்டோடு போய் பெஞ்சில் உட்காருகிறாள். அதே பெஞ்ச். இன்று அவள் போனில் பேசிக்கொண்டே பத்தடி நகர்ந்த நேரத்தில் தடியன் வந்திருக்கிறான். பந்தைப் பிடுங்கிக்கொண்டு வாண்டின் சட்டைக் காலருக்குக் கை நீட்டினான். வாண்டு நிற்கவில்லை. தொடவில்லை. ஒரு கத்துக் கத்திவிட்டு ஓட்டம். திடலில் இருந்த அத்தனை தலையும் தடியன் பக்கம் திரும்பிவிட்டதாம். அவன் பந்தைக் கீழே போட்டுவிட்டு நழுவிவிட்டான். வாண்டு அக்காவையும் தாண்டிக்கொண்டு ஓடி, மாடி ஏறி, வாசற்படியைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"மாமா, அவுட் இல்லையே?"

"இல்ல."

மே 26, ஞாயிறு

மாஸ்டரிடமிருந்து அக்காவுக்குச் செய்தி: அடுத்த நிலைத் தேர்வு, சீக்கிரம் பதிவு செய்யவும், லிஃப்ட் வசதி உண்டு. அக்கா படித்தாள். போனைக் குப்புற வைத்தாள்.

சாயந்திரம் வாண்டுக்கு ஒரு யோசனை. ஓட்டப் பந்தயத்தில் முடிவில் நாடா கட்டுவார்களே, அது வேண்டுமாம். வீடெல்லாம் தேடி, என் வயர்களுக்கு அடியிலிருந்து அவளே அதை எடுத்துவந்தாள். அதற்குத் தகுந்த நீளம் வேறு எதற்கு இருக்கிறது?

வாசற்படிக்குக் குறுக்கே ஒரு முனையை நான் பிடித்தேன், ஒரு முனையை அக்கா. நடைபாதைக் கோடியிலிருந்து வாண்டு கிளம்பினாள். ஓட்டை வாயில் புதுப் பல் ஒன்று அரிசி போல எட்டிப் பார்க்கிறது.

"தொங்குதுடா, நல்லாப் பிடி" என்றாள் அக்கா. ஆனால் வாண்டு வந்து சேருவதற்குள் அவளே தன் முனையை விட்டுவிட்டாள். பெல்ட் தரையில் விழுந்தது. வாண்டு அதை மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். குனியவில்லை.