ஆறு வீட்டுக்கு ஒரே பீலி

ஒக்டோபர் 3, வெள்ளி
காலையில் நல்ல வெயில். இரண்டு மணிக்கு இடி மட்டும். ஹாலிஎலவில் ஒரு பொட்டு விழவில்லை. லுணுகலைப் பக்கம் கொட்டியிருக்கிறது. தங்கச்சி கலா போன்: "அக்கா, பின்னாடி மேட்டுல ஒரு கூடை மண்ணு சரிஞ்சிருச்சு. செவரெல்லாம் ஈரம். புள்ளைங்கள முன் காம்பராவுலதான் படுக்க வச்சிருக்கேன்."

காரணம் எனக்குத் தெரியும். நான் பிறந்த லயம், தேயிலைத் தோட்டத்தில் ஒரே வரிசையாக ஆறு வீடு. ஆறு வீட்டுக் கூரைத் தண்ணீரும் பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில்தான் விழுகிறது. அதை ஏந்திக் கொண்டுபோகக் கூரையோரம் பீலி கிடையாது. தோட்ட ஆபீசில் கேட்டாளாம். "செய்யுறதுன்னா நீங்களே செஞ்சுக்குங்க."

செய்கிறேன்.

ஆறு வீடு, வீட்டுக்குப் பன்னிரண்டு அடி. 72 அடி. எட்டடித் துண்டு பத்து வேண்டும். மூன்று தகட்டில் பன்னிரண்டு வரும். இரண்டு பாழானாலும் சமாளிக்கலாம்.

ஒக். 4, சனி
பதுளை. அலுமினியத் தகடு 3, ரிவெட், சிலிக்கன் 4 டியூப், கொக்கி. வெங்காயம் மறந்துவிட்டது.

கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "யாரு பாஸ் வளைக்கிறது?"
இவர் என்னைக் காட்டினார். "அவங்கதான். நான் ஆட்டோ ஓட்டுறதோட சரி."
கடைக்காரர் மறுபடியும் இவரிடமே அளவு கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். மூன்றாவது கேள்வி என்னிடம் வந்தது.

ஒக். 5, ஞாயிறு
கொட்டகையில் நாள் முழுக்க. முதல் துண்டு போச்சு. மடிப்பிலேயே விரிசல், நீளத்துக்கும். தப்பு என்னுடையது. ஆணியால் கோடு கீறினேன். ஆங்கிள் இரும்பின் கூர் விளிம்பில் அப்படியே அடித்து மடக்கினேன். கார்மெண்ட்டில் பதினொரு வருஷம் துணி வெட்டியவளுக்கு இது தெரிய வேண்டாமா? விறைப்பான துணியை நறுக்கென்று மடித்தால் மடிப்பில்தான் கிழியும்.

இனி கோட்டுக்குப் பென்சில். மடிப்புக்கு விளிம்பை உருட்டிச் சீவிய மரச்சட்டம். கிளாம்பில் இறுக்கி, மரச்சுத்தியலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கொஞ்சமாகச் சாய்ப்பது. திரும்ப முதலிலிருந்து. மூன்றாம் தடவையில் நேராக நிற்கிறது. அடி நாலு அங்குலம், பக்கம் நாலு நாலு. இரண்டாவது துண்டு கண்ணாடி மாதிரி வந்தது. இருட்டுவதற்குள் ஐந்து.

வலது உள்ளங்கையில் கொப்புளம். காஸ் முடிந்துவிட்டது. விறகில் சோறு.

ஒக். 6, திங்கள்
மீதி ஐந்தும் முடிந்தது. பத்தும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மாலை கலா போன். அழுகிறாள். கடைசி வீட்டு முத்தையா மாமா மாட்டேன் என்கிறாராம். "அவ செஞ்சது என் கூரையில ஏறாது" என்றாராம்.

தண்ணீர் அவர் பக்கம்தான் போக வேண்டும். லயம் அந்தப் பக்கம் சரிவு, தண்ணீர் வடிந்தோடும் சிமெண்டுக் கானும் அங்கேதான்.

அவர் மகன் ராசுவுக்கும் எனக்கும் பரிசம் போட்ட பிறகுதான் நான் இவரோடு ஹாலிஎலவுக்கு வந்தேன். பத்தொன்பது வருஷம். ராசு கொழும்பில், மூன்று பிள்ளைகள். கலா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மேல்பாதையால்தான் போவேன், மாமா வாசலைத் தாண்டாமல்.

இவர்: "நான் போய்ப் பேசிப் பாக்கட்டா?"
"வேணாங்க. நான்தான் போகணும்."

ஒக். 8, புதன்
போனேன். கீழ்ப்பாதையால்.

மாமா வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பேச வேண்டியதைப் பஸ்ஸிலேயே தயார்செய்து வைத்திருந்தேன்.

"மாமா, ஒரு சொட்டுத் தண்ணி உங்க வாசல்ல விழாது. கோடியில பெட்டி மாதிரி ஒன்னு செஞ்சு, கொழாய் வச்சு நேரா கான்ல விட்டுருவேன்."
"தண்ணியப் பத்தி நான் ஒன்னும் சொல்லலையே."

நின்றுகொண்டே இருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"பொண்ணக் காணோம்னதும் எல்லாரும் ரோட்டுல தேடுனாங்க. நான் ஆத்தோரமாத் தேடுனேன். செத்துட்டியோன்னு நெனச்சு. ரெண்டு நாளு."

இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மானம் போன கோபம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"
"சொல்லியிருக்கணும் மாமா. பயந்துட்டேன். தப்புதான்."

மண்வெட்டியைத் தரையில் குத்திப் பிடியை இறுக்கினார். நாலைந்து குத்து. பிறகு, "ஏணி என்கிட்ட இருக்கு" என்றார்.

பஸ்ஸில் பசறை வரைக்கும் அழுதேன். பக்கத்துச் சீட்டு அம்மா டொபி ஒன்று கொடுத்தார்.

ஒக். 11, சனி
மரக்கறி லொறியில் பீலியை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே. நூல் கட்டி, வீட்டுக்கு ஓர் அங்குலம் சாய்வு. கலா வீட்டில் தொடங்கி ஆறாவது வீடுவரை. இவர் ரிவெட் எடுத்துக் கொடுக்க, நான் மேலே. ஏணியைப் பிடித்தது மாமா. என்னிடம் நாள் பூராவும் பேசியது இவ்வளவுதான்: "கால பாத்து வை." "இன்னும் எட்டி." "அந்தப் பலக உளுத்துப்போச்சு, அதுல அடிக்காத."

உளுத்த பலகையை அவரே மாற்றிக் கொடுத்தார். நாலு மணிக்கு முடிந்தது. கலா ஒரு வாளித் தண்ணீரை அவள் வீட்டுப் பக்கம் ஊற்றினாள். எல்லோரும் கீழ்க்கோடிக்கு ஓடினோம். வந்தது! கான் வரைக்கும் ஒழுங்காக வந்தது.

ஆனால் ஒரு வாளி வேறு, மழை வேறு.

ஒக். 13, திங்கள்
மூன்று மணியிலிருந்து மழை. இங்கேயே இப்படியென்றால் அங்கே? வேலை ஓடவில்லை. கத்தரியைத் தீட்டினேன். தீட்டியதையே திரும்பவும் தீட்டினேன்.

ஐந்தரைக்குக் கலா போன். பின்னால் ஒரே சத்தம். "அக்கா, பின்னாடி சொட்டுக்கூட விழல! மேடு அப்படியே நிக்குது! இரு, இரு, மாமா கேக்குறாரு."

போன் கை மாறியது.

"புஷ்பம், என் வாசலுக்கு மேல மூட்டுல சொட்டுது."
"ஞாயித்துக்கெழம வந்து சரி பண்றேன் மாமா."
"வா. சாப்பிட்டுட்டு வந்துறாத."