டாக்டரய்யாவுக்கு மரியாயி சொன்ன பதில்

1913 ஜூலை 9, புதன்.

“இந்த வலி போயிடும்னு நெனைக்கிறியாம்மா?” என்று தோட்டத்து டாக்டரய்யா இன்று என் தங்கை மரியாயியிடம் கேட்டார். தலையில் மாட்டிய கொழுந்துக்கூடைக் கயிறு இழுத்து இழுத்து அவளுக்குக் கழுத்தே திரும்பவில்லை.

“பெட்டியில வச்சு ஆணி அடிக்கிறப்பதான் போகுங்க” என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

போன மழையில் பதுளைச் சந்தைக்குப் போகும் இறக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கருப்பையாவும் சூசையும் வழுக்கி விழுந்தார்கள். கருப்பையாவுக்குத்தான் இடுப்புவலி அதிகம். “அடுத்த மாசம் மம்பட்டி புடிப்பேன் பாருங்க” என்றான், பிடித்தான். சூசை, “இனிமே அவ்வளவுதாங்க” என்றான், இன்னும் படுத்திருக்கிறான்.

மரியாயியும் அப்படிப் படுத்துவிட்டால், வேலை செய்பவர்களுக்கென்று தோட்டம் தந்த இந்த லயத்து அறை எங்களுக்கு இல்லை. வலியைவிட அவள் பதில்தான் பயமாக இருக்கிறது.

எனக்கே எழுதி வைக்கிறேன்: விடிந்ததும் அவளிடம் வலியைப் பற்றி விசாரிக்காதே. வாளியை நீ எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிவரை அவளை உன்னோடு நடந்து வரச் சொல்.