எபேசுவில் குடித்த தயிர்ச் சூப்

ரொறன்ரோ,
ஒக்ரோபர் 1997

அன்பு மகள் ஷாமிலாவுக்கு,

மெல்பேணில் நீயும் மருமகனும் குழந்தையும் சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் வழக்கம்போல எழுத வேண்டும், ஆனால் இப்போது இருக்கிற எரிச்சலில் அப்படி எழுதக் கை வரவில்லை. எனக்குக் கொலஸ்ரரோல் குறைந்திருக்கிறது, அது ஒன்றுதான் நல்ல செய்தி. அம்மா மெலிந்துகொண்டே போகிறார். போன பனிக்காலம் உன் தம்பி கிளிபோட்டின் கார் ஹைவேயில் சறுக்கி அவனை நாங்கள் பறிகொடுத்த நாளிலிருந்து அவர் ஒழுங்காக ஒரு பிடி சோறு சாப்பிட்டதில்லை என்று உனக்குத் தெரியும். டொக்ரர் எழுதிக் கொடுத்த சத்துப்பானம் பிரிட்ஜில் திறக்காமல் வரிசையாக நிற்கிறது.

கோயில் ஆட்களோடு துருக்கிக்குப் போய் எபேசுவில் மாதா வாழ்ந்த வீட்டைத் தரிசித்து வந்தால் மனம் ஆறும் என்று பாதர் சொல்லித்தான் செப்ரெம்பரில் புறப்பட்டோம். போன இடத்திலும் எங்கள் சனம் எங்கள் சனம்தான். யோசப் அண்ணை ரைஸ் குக்கர், அரிசி, பருப்பு, கருவாடு என்று ஒரு குசினியையே சூட்கேசில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். துருக்கிச் சாப்பாடு எங்களுக்குச் சரிவராதாம், வாயில் வைத்துப் பார்க்காமலே தீர்ப்பு. கனடாக் குக்கரை அங்கே செருக வேண்டாம், அந்த ஊர்க் கரண்ட் இரண்டு மடங்கு என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "நீக்கிலாப்பிள்ளை, நீர் சும்மா இரும், எனக்குத் தெரியும்" என்றார். செருகியதும் டப் என்று ஒரு சத்தம், புகை, ஹோட்டலில் அந்த மாடி முழுக்க இருட்டு. முதலாளியிடம் போய்ப் பல்லை இளித்து மன்னிப்புக் கேட்டது யார் என்று நினைக்கிறாய், நான்தான்.

வேறு வழியில்லாமல் தெருமூலையில் இருந்த சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் எல்லோரும் நுழைந்தோம். கத்தரிக்காயைப் பிளந்து இறைச்சி அடைத்தது, குடைமிளகாய்க்குள் சோறு அடைத்தது, தக்காளியோடு சமைத்த வெண்டிக்காய் என்று கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறந்தது. உறைப்பில்லை, தேங்காய்ப்பால் இல்லை என்று எங்கள் ஆட்கள் முணுமுணுக்க, கடைக்காரி உன் அம்மாவின் முன்னால் ஒரு கோப்பை சூப்பையும் பாண் துண்டையும் வைத்துவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டாள். தயிருக்குள் அரிசி போட்டுக் காய்ச்சி, காய்ந்த புதினாவை வெண்ணெயில் உருக்கி மேலே ஊற்றியிருந்தார்கள். அம்மா முழுவதையும் குடித்தார். மிச்சத்தைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று வேண்டும் என்று கையைக் காட்டினார். எனக்கு அழுகை வந்து வெளியே போய் நின்றேன். அங்கே நின்ற நாட்களெல்லாம் அப்படியே சாப்பிட்டார் மகள், அடைத்த கத்தரிக்காய் உட்பட.

இங்கே வந்து இறங்கியதும் பழைய கதை. சரி, சூப்தானே, நானே காய்ச்சுகிறேன் என்று தொடங்கினேன், தயிர் திரைந்து திரைந்து போனது. வெக்ஸ்போர்ட்டில் ஒரு துருக்கிக்காரரின் கடையைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். பச்சைத் தயிரிலேயே மாவும் முட்டை மஞ்சட்கருவும் கரைத்து, கொதிக்கும்வரை கை விடாமல் துழாவ வேண்டுமாம். போன ஞாயிறு அச்சு அசலாக வந்தது. பூசை முடிந்து வந்திருந்த கிளடிஸ் அன்ரி அம்மாவைப் பார்த்து, "ஜோசப்பின், சாப்பிட்டியளோ" என்று கேட்டுக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். நானும் சாப்பிடன், சாப்பிடன் என்று கெஞ்சிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மா இரண்டு கரண்டியோடு எழும்பிவிட்டார். கிளடிஸ் போனபிறகு நான் கத்திவிட்டேன், அங்கே இறங்கினது இங்கே ஏன் இறங்காது, நான் என்ன நஞ்சா காய்ச்சினேன் என்று. அம்மா ஆறுதலாகச் சொன்னார்: "அங்கை ஒருத்தரும் என்னைச் சாப்பிட்டியோ எண்டு கேக்கேல்லை. இஞ்சை விடிஞ்சால் பொழுதுபட்டால் எல்லாரும் உந்தக் கேள்வியைத்தான் கேக்கினம். வேலையால வந்து சப்பாத்துக் கழட்ட முன்னம் எங்கடை கிளிபோட் என்னட்டைக் கேக்கிறது உதுதானே."

என்னால் ஊரில் யார் வாயைக் கட்ட முடியும் சொல். வாசற்படியில், பஸ்ஸில், கோயிலில், எங்கள் சனம் வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தக் கேள்விதான், அன்பில்தான் கேட்கிறார்கள், அவர்களோடு கோபிக்கவும் முடியவில்லை. என் நாக்கே எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கேட்டுவிடுவேனோ என்ற பயத்தில் நான் பேஸ்மென்றுக்கு இறங்கிவிடுகிறேன்.

குழந்தைக்குக் காது குத்தின இடத்தில் தேங்காயெண்ணெய் பூசு. மருமகனை நித்திரை முழித்து வேலை செய்ய விடாதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது அம்மாவிடம் அதை மட்டும் கேட்காதே மகள், மழையைப் பற்றிக் கேள், குழந்தையின் குறும்பைச் சொல். என்னிடமும் கேட்காதே. நான் கீழே இருந்து காது கொடுத்துத்தான் அறிகிறேன். நேற்றுக் கரண்டி கோப்பையின் அடியில் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

என்றும் அன்புள்ள அப்பா,
சூ. நீக்கிலாப்பிள்ளை